சிறிதளவு போதைப்பொருளுடன் பிள்ளை பிடிபட்டால்: வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கு வழிகாட்டி

கிராம அலுவலராக நான் பணியாற்றிய கடைசி ஆண்டுகளில், விடியுமுன் என் வீட்டுப் படலையைத் தட்டியவர்களில் பலர் ஒரே காரணத்துக்காகவே வந்தார்கள். மகன் நேற்றிரவு பிடிபட்டுவிட்டான், இன்று நீதிமன்றத்தில் பிணை எடுக்க வதிவிடச் சான்றிதழ் வேண்டும் என்பார்கள். என்ன குற்றச்சாட்டு என்று கேட்டால், "ஏதோ தூளாம் விதானையார், சின்னன்தானாம், தண்டம் கட்டினால் விட்டுடுவினமாம்" என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தச் 'சின்னன்' என்ற சொல்லை நம்பி முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டப்பணத்தைக் கட்டி வீடு திரும்பிய இளைஞர்கள், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு வேலைக்காகப் பொலிஸ் நற்சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்தபோதுதான், அன்று தாங்கள் எதற்குத் தலையசைத்தோம் என்பதை அறிந்துகொண்டார்கள். அந்த அறியாமைக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது என்பதாலேயே இதை எழுதுகிறேன். சட்டத்தரணி செய்யும் வேலையை இந்த வழிகாட்டி செய்யாது. அவரைச் சந்திக்கும்போது எதைக் கேட்க வேண்டும், அவர் வருமுன் எதைச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

பிடிபட்டது எது, எழுதப்பட்டது எது

இலங்கையில் இவ்வகை வழக்குகளின் தாய்ச் சட்டம் 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் அதைக் கடுமையாக்கியது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கத் திருத்தம், 'ஐஸ்' என்று ஊரில் சொல்லப்படும் மெதம்பெட்டமினையும் அந்தக் கடுமைக்குள் கொண்டுவந்தது. இன்றைய நிலையில் ஹெரோயின் 2 கிராம், கொக்கெயின் 2 கிராம், மோர்பின் 3 கிராம், மெதம்பெட்டமின் 5 கிராம் என்ற எல்லைகளைத் தொட்டாலோ தாண்டினாலோ சட்டம் பேசுவது மரண தண்டனையையோ ஆயுள் தண்டனையையோ பற்றியதாகும். ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும் இந்த அளவுகளைக் குடும்பத்தார் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும், ஏனெனில் 'கொஞ்சம்தான்' என்று நண்பர்கள் சொல்வதும் 'கொஞ்சம்' என்று சட்டம் கருதுவதும் ஒன்றல்ல.

பொருள் எதுவும் இல்லாமல் கண்ணாடிக் குழாய், கருகிய ஈயத்தாள், ஊசி, லைற்றர் போன்றவை மட்டும் பிடிபட்டதாகச் சொல்லப்படும் வழக்குகளும் உண்டு. அவற்றில் வழக்கின் உயிர் அந்தக் குழாயில் ஒட்டியிருக்கும் எச்சம்தான். அது முத்திரையிடப்பட்டு அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போகிறது. அதில் ஹெரோயினோ ஐஸோ இருப்பதாக அறிக்கை வந்தால், கருவி வைத்திருந்த கதை போதைப்பொருள் வைத்திருந்த கதையாக மாறிவிடும். எனவே 'வெறும் குழாய்தானே' என்று அந்த அறிக்கை வருமுன் எவரும் ஆறுதல் கொள்ளவும் கூடாது, எதையும் ஒப்புக்கொள்ளவும் கூடாது. மின்தராசும் சிறு பொலித்தீன் பைகளும் சேர்ந்து பிடிபட்டால் நிலைமை இன்னும் பாரதூரமானது, ஏனெனில் அவை பாவனையை விட்டு விற்பனையைச் சுட்டத் தொடங்குகின்றன.

இங்கே பெரும்பாலான இளைஞர்கள் அறியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். வியாபாரம் செய்தல் என்பதற்கு இச்சட்டம் தரும் பொருள் கடையில் விற்பதோடு நிற்பதில்லை. கொடுத்தல், பெற்றுக்கொடுத்தல், களஞ்சியப்படுத்தல், கொண்டு செல்லுதல், அனுப்புதல், பகிர்தல் ஆகிய எல்லாமே அதற்குள் அடங்கும். அவற்றைச் செய்ய முன்வருவதும் அடங்கும். ஆகவே பொலிஸ் நிலையத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதாக எண்ணி, "நான் பாவிக்கிறதில்லை, என்னுடைய சிநேகிதனுக்குக் கொடுக்கத்தான் கொண்டு போனேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால், சிறிய குற்றச்சாட்டிலிருந்து பெரிய குற்றச்சாட்டுக்குத் தானே நடந்து போகிறான். பரந்தன் சந்தியில் ஒருவன் தந்த பொதியை விசுவமடுவில் இன்னொருவனிடம் சேர்ப்பிக்க மோட்டார் சைக்கிளில் போன பிள்ளைக்கும் இதே விதிதான்.

முதல் 24 மணித்தியாலம்

கைது செய்யப்பட்டவரிடம் கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும்; பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் அவரை நீதவான் முன் நிறுத்த வேண்டும். இது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி. ஆயினும் அபாயகர ஔடத வழக்குகளில், மூத்த பொலிஸ் அதிகாரி ஒருவரின் சான்றின் பேரில் நீதவானின் கட்டளையைப் பெற்று 7 நாள்கள் வரை தடுத்து வைத்து விசாரிக்க முடியும். 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது இத்தகைய தடுப்புக் கட்டளைகள் நாடெங்கும் பெறப்பட்டன. எனவே மறுநாள் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை என்றால், அது சட்டவிரோதம் என்று கூச்சலிடுவதற்கு முன், நீதவானின் கட்டளை உண்டா, எத்தனை நாளுக்கு உண்டு என்று பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியிடம் அமைதியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கட்டளை இல்லாமல் தடுத்து வைக்கப்பட்டிருந்தாலோ, பிள்ளை அடிக்கப்பட்டிருந்தாலோ இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்ய ஒரு மாதமே கால எல்லை என்பதையும், அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் கணக்கிடப்படுவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

வன்னியில் வாக்குமூலத்தின் மொழி ஒரு தனிப் பிரச்சினை. வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பு சொன்னாலும், பிள்ளை தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கும் நிலை இன்றும் ஏற்படுகிறது. வாசித்து விளங்காத எதிலும் கையெழுத்திட வேண்டாம். தமிழில் எழுதும்படியோ, எழுதியதைத் தமிழில் வாசித்து விளக்கும்படியோ கேட்பது எவ்வகையிலும் முரண்டு பிடித்தல் ஆகாது. பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை வழக்கில் சான்றாக நிரூபிக்க முடியாது என்று சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பிள்ளை சொன்ன தகவலைக் கொண்டு ஓர் இடத்திலிருந்து பொருள் மீட்கப்பட்டால், அந்தத் தகவலில் மீட்போடு தொடர்புடைய பகுதி சான்றாகலாம். பயத்தில் சொல்லிக்கொண்டே போவது பயனற்றது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

கைப்பற்றப்பட்ட பொருள் எங்கே, யார் முன்னிலையில், எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது, எந்த உறையில் இடப்பட்டது, முத்திரை எப்போது இடப்பட்டது என்பவற்றைப் பிள்ளை அன்றே மனத்தில் பதித்து, முதல் சந்திப்பிலேயே சட்டத்தரணியிடம் சொல்ல வேண்டும். பல வேளைகளில் பொருளை நகைக்கடைத் தராசிலோ அடகுக்கடைத் தராசிலோதான் நிறுப்பார்கள். பல மாதங்கள் கழித்து விளக்கத்தில், அதாவது சாட்சிகளோடு நடக்கும் முழு விசாரணையில், சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யும்போது, கைப்பற்றிய இடத்திலிருந்து பகுப்பாய்வாளரின் மேசை வரை அந்தப் பொதி யார் யார் கையில் இருந்தது என்ற கேள்வியே வழக்கின் அச்சாணியாக அமைவதுண்டு.

சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்குச் சென்று தம் கட்சிக்காரருக்காகப் பேசுவதற்கு 2012ஆம் ஆண்டிலிருந்து எழுத்திலான விதிகள் உள்ளன. பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இந்த நிறுவனத்துக்கு நீதிமன்றங்களை அண்டி நிலையங்கள் உள்ளன. குடும்ப வருமானம் குறைவு என்பதைக் காட்டும் ஆவணத்தோடு போக வேண்டும். அஸ்வெசும போன்ற கொடுப்பனவு பெறும் குடும்பமாயின் அதற்கான ஆவணத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

நீதிமன்ற வாசலில் நின்று, "இத்தனை ஆயிரம் தந்தால் வழக்கைக் கரைத்துவிடுவேன்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படி இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்லர், கொடுப்பவரும் குற்றவாளியே. ஒரு வழக்கோடு வந்த தகப்பன் இரண்டு வழக்குகளோடு திரும்ப நேரிடும்.

நீதவான் முன்னிலையில்

முதல் நாளில் பொலிஸார் நீதிமன்றத்தில் சமர்ப்பிப்பது 'பி அறிக்கை' எனப்படும். அதன் பிரதியைச் சட்டத்தரணி மூலம் பெறுங்கள். அதில் இரண்டு விடயங்களைப் பாருங்கள்: எந்தப் பிரிவு, எவ்வளவு எடை. கட்டளைச் சட்டத்தின் 54அ அல்லது 54ஆ பிரிவின் கீழ் முறையிடப்பட்டிருந்தால் பிணை வழங்கும் அதிகாரம் நீதவானிடம் இல்லை. விதிவிலக்கான சூழ்நிலை இருப்பதாகக் காட்டினால் மட்டுமே மேல் நீதிமன்றம் பிணை வழங்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், தூய நிறை 10 கிராம் அல்லது அதற்கு மேல் இருந்து, குற்றமும் மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதாக இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை கொழும்புக்குப் போக வேண்டும். அப்பிரிவுகளுக்கு வெளியே உள்ள சிறிய குற்றச்சாட்டுகளில் நீதவானே பிணை வழங்கலாம்.

'தூய நிறை' என்ற சொல்லைக் கவனியுங்கள். பொலிஸார் நிறுத்தது கலப்படத்தோடு கூடிய மொத்தத் தூள். அதற்குள் உண்மையில் எவ்வளவு ஹெரோயின் இருக்கிறது என்பதைப் பகுப்பாய்வாளரின் அறிக்கையே சொல்லும். இரண்டு எண்களுக்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கக்கூடும்; அந்த இடைவெளி தண்டனையின் வகையையே மாற்றிவிடக்கூடும். அறிக்கை வரப் பல மாதங்கள் ஆகும் என்பதுதான் வேதனை. அதுவரை விளக்கமறியல் நீடிக்குமானால், வழக்கமாக 14 நாள்களுக்கு ஒரு முறை தவணை வரும். பிள்ளை வவுனியாச் சிறைச்சாலையிலோ யாழ்ப்பாணச் சிறைச்சாலையிலோ இருக்க, முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து ஒரு தாய் பேருந்து மாறி மாறி வந்து பார்த்துப் போவாள். அந்த அலைச்சல்தான் "ஒப்புக்கொண்டு முடிச்சிடுவம்" என்ற எண்ணத்தைக் குடும்பங்களில் விதைக்கிறது. அதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். குறை சொல்ல மனம் வரவில்லை.

பிணையாளிகளைப் பொறுத்தவரை, நிரந்தர முகவரி உடைய இருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். தேசிய அடையாள அட்டையும், பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் கூடிய கிராம அலுவலர் வதிவிடச் சான்றிதழும் தேவைப்படும். சில வேளைகளில் வருமானச் சான்றும் கேட்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் பிணை கிடைத்து, மேலொப்பம் இல்லாத காரணத்தால் திங்கள்வரை பிள்ளை உள்ளே இருந்த நிகழ்வுகள் உண்டு. ஆகவே பிணை கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லாவிட்டாலும், பிரதேச செயலகம் திறந்திருக்கும்போதே சான்றிதழை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிணையில் வந்த பிள்ளை ஒரு தவணைக்கு வராவிட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படும் என்பதும், பிணையாளிகள் பணம் கட்ட நேரிடும் என்பதும் எல்லோருக்கும் சொல்லப்பட வேண்டும்.

ஒப்புக்கொள்வதா, விளக்கத்துக்குப் போவதா

குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டு, "குற்றவாளியா, சுற்றவாளியா" என்று கேட்கப்படும் அந்த அரை நிமிடம்தான் முழு வழக்கிலும் முக்கியமானது. 'குற்றவாளி' என்று சொன்னால் நீதவான் குற்றத்தீர்ப்பைப் பதிவு செய்து தண்டிப்பார். சிறிய அளவு கஞ்சா வழக்குகளில் அது பெரும்பாலும் தண்டப்பணமாகவே முடியும். பணத்தைக் கட்டத் தவறினால் சிறை. வீட்டார் பார்ப்பது தண்டப்பணத்தின் தொகையை மட்டுமே. தொகை கட்டப்பட்டபின்னும் நிற்பது குற்றத்தீர்ப்பு. அது கைவிரல் அடையாளத்தோடு பொலிஸ் பதிவேட்டில் ஏறும். அரசாங்க வேலைக்கான நன்னடத்தை விசாரணையில் அது தலைகாட்டும். மீண்டும் ஒருமுறை பிடிபட்டால் 'முன்குற்றவாளி' என்று வாசிக்கப்படும். தானே குற்றத்தை ஒப்புக்கொண்டபின் மேன்முறையீட்டுக்கான வழியும் பெரிதும் குறுகிவிடும்.

இதற்காக, உண்மையில் குற்றம் செய்த ஒருவர் பொய் சொல்லித் தப்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒப்புக்கொள்வதானால் எதை, எப்போது, எந்த நிபந்தனையோடு ஒப்புக்கொள்கிறோம் என்று அறிந்து செய்ய வேண்டும் என்றே சொல்கிறேன். பகுப்பாய்வாளரின் அறிக்கை வருமுன் ஒப்புக்கொள்வது, எடை தெரியாமல் நெல் விற்பதற்கு ஒப்பாகும். அறிக்கை வந்தபின், சட்டத்தரணியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 306ஆம் பிரிவு இந்த வழக்குக்குப் பொருந்துமா?

அந்தப் பிரிவை வன்னியில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருக்கிறார்கள். குற்றம் நிரூபிக்கப்பட்டதாக நீதவான் கருதினாலும், எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) வயது, நடத்தை, முன்வரலாறு, உடல்நலம், மனநலம், குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைக் கருதி, குற்றத்தீர்ப்புக்குச் செல்லாமலே அவரை எச்சரித்து விடவோ, நன்னடத்தைப் பிணைமுறியோடு நிபந்தனையின் பேரில் விடுவிக்கவோ அப்பிரிவு இடம் தருகிறது. குறைந்தபட்சத் தண்டனையைச் சட்டம் கட்டாயமாக்கியுள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது. பொருந்தும் வழக்கிலும் கேட்காமல் கிடைக்காது. வெறும் வாயால் கேட்டும் கிடைக்காது. பாடசாலை அதிபரின் நடத்தைச் சான்று, தொழில் செய்யும் இடத்தின் கடிதம், தொழிற்பயிற்சிக்குச் சேர்ந்த பற்றுச்சீட்டு, சிகிச்சை பெறத் தொடங்கியதற்கான வைத்தியசாலை அட்டை ஆகியவற்றைச் சேர்த்துச் சட்டத்தரணியிடம் கொடுங்கள். முதல் தடவை அகப்பட்ட இருபது வயதுப் பிள்ளைக்கு இந்த வழி திறக்குமா என்று பார்க்காமல் தண்டப்பணத்துக்கு ஓடுவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன்.

தண்டனையாகச் சிறை விதிக்கப்பட்டு அது ஒத்திவைக்கப்பட்டால், விடுதலை கிடைத்துவிட்டதாக எண்ண வேண்டாம். ஒத்திவைப்புக் காலம் குறைந்தது 5 ஆண்டுகள். அதற்குள் சிறைத்தண்டனைக்குரிய இன்னொரு குற்றத்தைச் செய்தால் பழைய தண்டனையும் உயிர் பெறும். தீர்ப்பில் திருப்தி இல்லையென்றால் மேன்முறையீட்டு மனுவை 14 நாள்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். நீதவான் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து அது மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செல்லும்.

தனியே சொல்ல வேண்டிய சில

பிடிபட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவராயின் பிறப்புச் சான்றிதழை அன்றே பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். நன்னடத்தை அலுவலருக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் குற்றப் பொறுப்பே இல்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது.

குளிசை வழக்கு வேறு பாதையில் போகலாம். பிரகபலின் போன்ற வலி, நரம்பு மருந்துகள் வைத்தியரின் சிட்டை இல்லாமல் பெருமளவில் பிடிபட்டால், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ் நடவடிக்கை வருவதுண்டு. உண்மையான சிட்டை வீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுத்துச் சட்டத்தரணியிடம் ஒப்படையுங்கள்.

முச்சக்கரவண்டியோ மோட்டார் சைக்கிளோ சான்றுப்பொருளாக எடுக்கப்பட்டிருந்தால், பதிவு உரிமையாளர் பதிவுப் புத்தகத்தோடு நீதிமன்றத்தில் தோன்றி, வழக்கு முடியும்வரை தம் பொறுப்பில் விடும்படி விண்ணப்பிக்கலாம். குற்றத்தீர்ப்பின்பின் வாகனம் அரசுடைமையாகும் ஆபத்து உண்டு. வாகனம் லீசிங்கில் இருந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள்.

சிகிச்சை பற்றி

பிள்ளை உண்மையிலேயே அடிமையாகியிருந்தால், வழக்கு ஒரு பக்கம் நடக்க, சிகிச்சையும் தொடங்கிவிட வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை பெறலாம். மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கும் நேரடியாகப் போகலாம். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம், தானாக முன்வந்து பெறும் சிகிச்சைக்கும் நீதிமன்றக் கட்டளையின் பேரிலான கட்டாயச் சிகிச்சைக்கும் இடமளிக்கிறது.

'புனர்வாழ்வு' என்ற சொல்லைக் கேட்டதும் எம் பெற்றோரின் முகம் மாறுவதை நான் கண்டிருக்கிறேன். 2009க்குப் பின் அந்தச் சொல் வன்னியில் வேறொரு பொருளைச் சுமந்தது. முன்னாள் போராளிகள் வைக்கப்பட்டிருந்த வவுனியாவின் பூந்தோட்டம் என்ற பெயர் இன்னும் பலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். 2023ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் புனர்வாழ்வுப் பணியகச் சட்டமும், முன்னாள் போராளிகளையும் உள்ளடக்கும் வரைவாகவே வந்தது. உயர் நீதிமன்றம் அதில் குறை கண்டபின், போதைக்கு அடிமையானவர்களையும் சட்டத்தால் இனங்காணப்படும் வேறு ஆட்களையும் மட்டும் குறிக்கும்படி திருத்தப்பட்டது. அந்தப் பயத்தை மதிக்கிறேன். அதனாலேயே, பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையம் வரை அனுப்பும் கட்டளை வருமுன், ஊருக்கு அருகிலுள்ள வைத்தியசாலையில் தானாகத் தொடங்கிய சிகிச்சையின் பதிவை நீதவானிடம் காட்டும்படி சொல்கிறேன். கட்டளையிட எண்ணும் நீதவானுக்கு அது கருத்தில் எடுக்கத்தக்க ஒரு ஆவணம்.

வழக்கு முடிந்தபின்

எப்படி முடிந்தாலும், நீதிமன்றப் பதிவாளரிடம் விண்ணப்பித்துத் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதியை எடுங்கள். தண்டப்பணப் பற்றுச்சீட்டை அதனோடு சேர்த்து வையுங்கள். கனடாவுக்கான விண்ணப்பப் படிவங்கள் குற்றத்தீர்ப்பை மட்டும் கேட்பதில்லை. கைது செய்யப்பட்டதுண்டா, குற்றஞ்சாட்டப்பட்டதுண்டா என்றும் கேட்கின்றன. 306ஆம் பிரிவின் கீழ் விடுவிக்கப்பட்ட ஒருவரும் அதற்கு 'ஆம்' என்றே எழுதி, பிரதியை இணைக்க வேண்டியிருக்கும். மறைத்து எழுதிப் பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால், அந்தப் பொய்யே விண்ணப்பத்தை நிராகரிக்கப் போதுமான தனிக் காரணமாகிவிடும். எனவே இரண்டு பிரதிகள் எடுங்கள்: ஒன்றைப் பிள்ளையிடம் கொடுங்கள், மற்றதைக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருக்கும் அதே பெட்டியில் வையுங்கள்.